குழித்துறை ஆற்றில் தங்கம் அரிக்க மெஷின் போடலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கோதையாற்றுக்காரன்

வணக்கம் மக்களே. சவூதியில் என்னோடு வேலை பார்த்த கேரளத்து நிலம்பூர்க்காரர் ஒருவர் ஊருக்குத் திரும்பிவிட்டார். அவர் ஊர்ப் பக்கம் சாலியாற்று மணலை மரவையில் அரித்துப் பொன் எடுக்கிறவர்கள் தலைமுறை தலைமுறையாக உண்டு. அவர் போன மாதம் எங்கள் வீட்டுக்கு வந்தபோது குமரி மாவட்டம் திற்பரப்புக்குக் கீழே கோதையாற்றுப் பாறை இடுக்கிலிருந்து ஒரு வாளி மணல் எடுத்து, தட்டில் போட்டு ஆட்டிக் காட்டினார். கடைசியில் கறுப்பாக ஒரு வரி நின்றது. அதற்குள் மினுமினுவென்று துகள்களும் தெரிந்தன.

இப்போது ஆறு இஞ்ச் உறிஞ்சுகுழாய், என்ஜின், மிதவை, பின்னால் நீளமாக ஒரு பெட்டி, இவ்வளவும் சேர்ந்த மெஷின் ஒன்றை வரவழைக்கலாம், பாதிப் பணம் நீ போடு என்கிறார். வீட்டில் நகை இருக்கிறது, அடகு வைத்தால் தொகை புரளும். நல்ல மனுஷன், ஏமாற்றுகிறவர் இல்லை. ஆனால் எனக்கு இதில் ஒன்றும் தெரியாது. நம் ஆற்றில் தங்கம் உண்டா? அனுமதி கிடைக்குமா? ஆற்றுக்கு ஏதாவது கேடு வருமா? விளக்கமாகச் சொன்னால் உபகாரமாக இருக்கும்.

பாறைப்பித்து

தம்பி, நகையை அடகு வைக்க வேண்டாம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். காரணத்தையும் சொல்கிறேன். இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்கு மண்ணியல் நடத்துகிறவள் நான். இந்தக் கறுப்பு வரியை எத்தனையோ பேர் என்னிடம் கொண்டுவந்து காட்டியிருக்கிறார்கள்.

அந்தக் கறுப்பு பெரும்பாலும் இல்மனைட், அதாவது இரும்பும் டைட்டானியமும் கலந்த கனிமம். கூடவே கொஞ்சம் காந்தக்கல்லும் கார்னெட்டும் இருக்கும். சாதாரண வெள்ளை மணல், அதாவது குவார்ட்ஸ், தண்ணீரைப் போல 2.65 மடங்கு கனம். இல்மனைட் 4.7 மடங்கு. தோரியம் உள்ள மோனசைட் 5 மடங்கு. தங்கமோ 19 மடங்குக்கும் மேல். அதனால் ஆட்டும்போது வெள்ளை மணல் முதலில் வழிந்துபோகும், கனமானது அடியில் தங்கும். தங்கம் இருக்கிற ஆற்றிலும் கறுப்பு வரி நிற்கும், இல்லாத ஆற்றிலும் நிற்கும்.

மினுக்குகிறதே அது என்ன என்பீர்கள். பெரும்பாலும் காக்காப்பொன்தான். நம் மலைப்பாறையில் இருக்கும் கறுப்பு அபிரகம் வெயிலிலும் மழையிலும் உளுத்துப் போனால் பித்தளை நிறத்துக்கு மாறும். சோதிப்பது எளிது. தட்டை நிழலுக்குக் கொண்டுபோங்கள். தங்கம் நிழலிலும் ஒரே மஞ்சளாக இருக்கும், அபிரகம் மங்கிவிடும். அப்புறம் ஒரு துகளைக் குண்டூசி முனையால் அழுத்துங்கள். தங்கமானால் நசுங்கும், உடையாது. அபிரகம் ஏடு ஏடாகப் பிரிந்து வரும்.

குழித்துறை ஆறாகச் சேரும் கோதையாறும் பறளியாறும் பிறக்கிற மலைகள் சார்னோகைட், கொண்டலைட் வகைப் பாறைகள். கோலாரில் இருப்பது போன்ற, தங்கம் தாங்கும் பச்சைக்கல் பட்டை இங்கே கிடையாது. நிலம்பூர்க் கதை வேறு. அங்கே வயநாட்டு மலையின் குவார்ட்ஸ் நரம்புகளில் தங்கம் உண்டு, சாலியாறு அதை அரித்துக் கொண்டுவருகிறது. அங்கேயே என்ன நடந்தது தெரியுமா? 1880-ஐ ஒட்டி தேவாலா, பந்தலூர் பக்கம் தங்கம் கொட்டிக் கிடக்கிறதென்று சொல்லி லண்டனில் முப்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் பங்கு விற்றன. சில வருஷத்தில் எல்லாம் மூடிப் போயின. பங்கு வாங்கியவர்கள் பணம் போனது போனதுதான். தங்கம் இருந்த மலையிலேயே அந்தக் கதி.

குடாக்கடல்

டீச்சர் சொன்னது சரி. மெஷின் பக்கம் நான் சொல்கிறேன். துறைமுகம் ஆழப்படுத்தும் டிரெட்ஜரில், அதாவது தூர்வாரும் கப்பலில், வேலை பார்த்தவன் நான். தங்க டிரெட்ஜரும் அடிப்படையில் அதே சாதிதான், மேலே ஒரு பிரிக்கும் கூடம் கூடுதலாக இருக்கும்.

உங்கள் நண்பர் சொல்வது சின்ன உறிஞ்சு டிரெட்ஜ். என்ஜின் தண்ணீரை அழுத்தி ஒரு ஜெட்டாகக் குழாய்க்குள் விடும். அந்த வேகத்தில் குழாயின் வாய் மணலையும் சரளையையும் இழுக்கும். ஒரு ஆள் முகமூடி மாட்டித் தண்ணீருக்குள் இறங்கி, குழாய் வாயைப் பாறை இடுக்கு இடுக்காகக் கொண்டுபோக வேண்டும். மேலே வந்த கலவை ஸ்லூஸ் என்ற அந்த நீளப் பெட்டியில் ஓடும். பெட்டியின் அடியில் குறுக்குக் கட்டைகள் வரிசையாக அடித்திருப்பார்கள். நம் வீட்டு அரிக்கஞ்சட்டியின் உள்வரி கல்லைப் பிடித்துக்கொண்டு அரிசியை விடுவது போல, அந்தக் கட்டைகள் கனமானதைப் பிடித்துக்கொண்டு மற்றதை வழிய விடும். வழிந்தது அத்தனையும் ஆற்றுக்கே திரும்பும், கலங்கலாக.

பெரியது வாளிச் சங்கிலி டிரெட்ஜ். நியூசிலாந்தில் ஒட்டாகோ பக்கம் க்ளூத்தா ஆற்றில் 1881-இல் நீராவியில் ஓடும் ஒன்றை இறக்கினார்கள். அங்கிருந்துதான் உலகமெங்கும் பரவியது. அது ஒரு மிதக்கும் ஆலை. முன்னால் இரும்பு வாளிகள் சங்கிலியில் சுற்றிச் சுற்றி அடிமண்ணைத் தோண்டும். உள்ளே சுழலும் சல்லடை பெருங்கல்லைத் தள்ளிவிடும். பொடிமணல் குறுக்குக் கட்டை அடித்த மேசைகளில் ஓடும். பின்னால் ஒரு நீளக் கை கல்லையெல்லாம் குவியலாகக் கொட்டிக்கொண்டே போகும். தான் தோண்டிய குளத்திலேயே மிதந்து, முன்னால் வெட்டி, பின்னால் நிரப்பி, வயலுக்குள்ளும் அது நகரும்.

அது போன இடத்தைப் பார்த்தால் ஒன்று தெரியும். பொடிமண் முதலில் விழுந்து அடிக்குப் போகும், உருளைக்கல் கடைசியில் விழுந்து மேலே நிற்கும். நிலமே தலைகீழாகிவிடும். கலிபோர்னியாவில் யூபா ஆற்றங்கரையில் 1900-களின் தொடக்கத்தில் அப்படிப் புரட்டிய கல் குவியல்கள் இன்றும் வரிவரியாகக் கிடக்கின்றன.

இவ்வளவும் எதற்காக? ஒரு கன மீட்டர் சரளை ஏறக்குறைய இரண்டு டன் வரும். அதில் 0.2 கிராம் தங்கம் இருந்தால் பெரிய டிரெட்ஜருக்குக் கட்டுப்படியாகும். ஒன்றரைக் குன்றிமணி எடை. மிச்சம் அத்தனையும் கழிவு.

வடசேரிப் பட்டறை

நான் நகை வேலை செய்கிறவன். ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். டிரெட்ஜர் பெட்டியில் நிற்கிற கறுப்பு மணலிலிருந்து பொடித் தங்கத்தைப் பிரிக்க பாதரசம் ஊற்றுவார்கள். எங்கள் தொழிலிலும் பட்டறைத் தூசியை வாங்கிக் கழுவித் தங்கம் எடுப்பவர்கள் அதைத்தான் செய்வார்கள். பாதரசத்தில் தங்கம் ஒட்டி வெள்ளை உருண்டையாகும். துணியில் பிழிந்தால் மிச்சப் பாதரசம் சொட்டும். உருண்டையைச் சூடாக்கினால் பாதரசம் ஆவியாகப் போய்த் தங்கம் நிற்கும். அந்த ஆவிக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. அதைச் சுவாசித்துக் கை நடுங்கிப்போன பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன். கை நடுங்கினால் ஆசாரிக்குப் பிழைப்பு ஏது?

ஆற்றில் சிந்தினால் இன்னும் மோசம். சேற்றுக்குள் இருக்கும் நுண்ணுயிர்கள் அதை மீத்தைல் பாதரசமாக்கும். புழு தின்னும், மீன் அந்தப் புழுவைத் தின்னும், நாம் மீனைத் தின்போம். ஒவ்வொரு படியிலும் விஷம் கூடிக்கொண்டே போகும். பெரு நாட்டின் மாத்ரே தே தியோஸ் ஆற்றுப் பக்கம் இந்தத் தொழிலால் மீனில் பாதரசம் ஏறி இன்றும் அவதிப்படுகிறார்கள். பாதரசத்தைக் கட்டுப்படுத்த நாடுகள் செய்துகொண்ட மினமாட்டா உடன்படிக்கை 2017-இல் நடைமுறைக்கு வந்தது. அதில் சிறு தங்கத் தொழிலுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. யாராவது பாதரசம் வாங்கலாம் என்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள் தம்பி.

கோதையாற்றுக்காரன்

எல்லோருக்கும் நன்றி. நிழலில் வைத்துப் பார்த்தேன் டீச்சர். மினுக்கம் போய்விட்டது. ஊசி வைத்ததும் ஏடாகப் பிரிந்தது. சரி, தங்கம் இல்லை. ஆனால் அந்தக் கறுப்பு மணலுக்கே விலை உண்டு, மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் அதைத்தானே எடுக்கிறார்கள் என்று நண்பர் இப்போது கேட்கிறார். அதற்கு என்ன பதில் சொல்வது?

மணல்ஆலை வீடு

அதற்குப் பதில் என்னிடம் உண்டு. எங்கள் வீட்டில் இரண்டு தலைமுறை மணல் ஆலையில்தான் சோறு தின்றது.

முதலில் சட்டம். மோனசைட் சட்டப்படி அணுக்கனிமப் பட்டியலில் இருக்கிறது. கடற்கரை மணலில் வரும் இல்மனைட், ரூட்டைல், சிர்க்கான், கார்னெட் எல்லாமே அந்தப் பட்டியலில்தான் இருக்கின்றன. 2013-இல் தமிழ்நாடு அரசு தாது மணல் அள்ளுவதை நிறுத்தியது. 2019-இல் மத்திய அரசு விதியைத் திருத்தி, இந்த மணலைத் தனியார் தொடவே முடியாதபடி அரசு நிறுவனங்களுக்கு மட்டும் என்று ஒதுக்கிவிட்டது. தங்கமும் 1957-ஆம் ஆண்டுக் கனிமச் சட்டத்துக்குள் வரும் பெருங்கனிமம். 2015-க்குப் பிறகு ஏலத்தில்தான் குத்தகை. மிதவையும் என்ஜினும் வைத்துக்கொண்டு ஆற்றில் இறங்க யாரும் உங்களுக்குச் சீட்டு எழுதித் தர மாட்டார்கள்.

வரலாறும் கொஞ்சம் சொல்கிறேன். 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து கப்பலேறிப் போன கயிற்றில் ஒட்டிக்கொண்டிருந்த மணலைச் சோதித்துப் பார்த்தார். அதில் மோனசைட் இருந்தது. அந்தக் காலத்தில் காஸ் விளக்கின் வலைக்குத் தோரியம் வேண்டும், தோரியத்துக்கு மோனசைட் வேண்டும். மணல் எங்கிருந்து வந்தது என்று தேடி இங்கேயே வந்து, மணவாளக்குறிச்சியில் ஆலை போட்டார். நாடு விடுதலையான பின் 1950-இல் இந்திய அருமணல் நிறுவனம் தொடங்கியது.

கனத்தை வைத்துப் பிரிப்பது முதல் படி. அப்புறம் மணலை உலர்த்திக் காந்தத்திலும் உயர் மின்னழுத்தத்திலும் ஓட்டுவார்கள். இல்மனைட்டைக் காந்தம் இழுக்கும், ரூட்டைல் மின்சாரத்தைக் கடத்தும், சிர்க்கான் இரண்டுக்கும் அசையாது. மோனசைட்டைக் காந்தம் இலேசாக இழுக்கும். ஒரு பிடி மணல் நிறம் நிறமாகப் பிரிந்து வருவதைச் சின்ன வயதில் பார்த்து வாய் பிளந்து நின்றிருக்கிறேன். வீட்டுக்கு அடிக்கும் வெள்ளைப் பெயின்ட் இந்த இல்மனைட்டிலிருந்துதான் வருகிறது. மணலை இப்படிப் பிரிப்பதில் பாதரசமும் இல்லை, அமிலமும் இல்லை. தங்க டிரெட்ஜரோடு இதைச் சேர்த்துப் பேசாதீர்கள்.

கடலோடி

அண்ணே, உங்கள் வீட்டுச் சோற்றை நான் குறை சொல்லவில்லை. ஆனால் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

ஆனி, ஆடியில் கடல் கொந்தளிக்கும்போது அலை வெள்ளை மணலை இழுத்துக்கொண்டு போய், கருமணலைக் கரையில் படியப் போடும். மழைக்காலம் முடிந்து தோண்டிப் பாருங்கள், கறுப்பும் வெளுப்புமாக அடுக்கு அடுக்காக இருக்கும். அந்த மணல் பெரும்பாலும் மலையிலிருந்து ஆறு கொண்டுவந்தது. பேச்சிப்பாறை அணை 1906-இல் முடிந்தது. அன்றிலிருந்து மேலிருந்து வரும் மணலில் ஒரு பங்கு அங்கேயே நின்றுவிடுகிறது. மிச்சம் வந்ததை ஆற்றிலேயே வாரி விற்றார்கள். கரைக்கு வந்து சேர்ந்ததில் கனமானதைக் கரையில் எடுக்கிறார்கள். ஆலை எடுப்பதால் மட்டும் கடல் ஊருக்குள் வருகிறது என்று நான் சொல்ல மாட்டேன், துறைமுகச் சுவரும் தூண்டில் வளைவும் மணல் ஓட்டத்தை மறிக்கின்றன. ஆனால் கரையில் கனமான மணல் இருப்பது அலைக்கு ஒரு தடுப்பு என்று எங்கள் பெரியவர்களுக்குத் தெரியும்.

இப்போது கிள்ளியூர் தாலுகாவில் 1,144 ஹெக்டேரில் அணுக்கனிமம் எடுக்கத் திட்டம் போட்டிருக்கிறார்கள். கீழ்மிடாலம், இனயம் புத்தன்துறை, கொல்லங்கோடு எல்லாம் அதற்குள் வருகிற ஊர்கள். தென்னையும் வீடும் பள்ளியும் கோயிலும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கிற ஊர்கள் இவை. வெட்டிய இடத்தை நிரப்பித் தருவோம் என்கிறார்கள். நிரப்புவது எந்த மணலை? கனமானதை எடுத்த பிறகு மிஞ்சும் இலேசான மணலை. அது எங்கள் அலைக்கு எவ்வளவு நாள் நிற்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டட்டும்.

மணல்ஆலை வீடு

அந்தக் கேள்வி நியாயம்தான். காட்டச் சொல்லிக் கேட்க வேண்டும். ஆனால் கதிர்வீச்சு என்று சொல்லி எல்லோரும் பயமுறுத்துவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஆலை வருவதற்கு முன்பே இந்தக் கரையில் அது உண்டு. கேரளத்தில் கொல்லம் பக்கம் கருநாகப்பள்ளியில் இதே மாதிரிக் கரையில் பெரிய கூட்டத்தை வருஷக்கணக்கில் தொடர்ந்து பார்த்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், இயற்கைக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை.

கடலோடி

அது இயற்கையாகக் கிடக்கிற மணலைப் பற்றிய ஆய்வு அண்ணே. எங்கள் ஊரில் எங்கள் ஆட்களை வைத்து அதே மாதிரி ஆய்வு செய்து, எங்கள் மொழியில் எங்களிடம் சொல்லட்டும். நோய் வந்த வீட்டுக்குக் கொல்லத்துக் கணக்கைக் காட்டினால் மனசு ஆறாது.

ஏலாக்கரை

எல்லோரும் கடலையும் கலிபோர்னியாவையும் பேசுகிறீர்கள். தண்ணீர் அடித்து மண் கழுவும் வேலை எங்கள் ஏலாவுக்கு, அதாவது வயல்வெளிக்கு, மேலேயே நடக்கிறது. அதைக் கேளுங்கள்.

ஆற்று மணல் கிடைக்காமல் போனதும் சில பேர் பட்டா நிலத்துச் செம்மண்ணை வெட்டிச் சரிவில் குவித்து, மோட்டார் போட்டுக் குழாயால் தண்ணீர் அடிக்கிறார்கள். மண் கரைந்து ஓடும், மணல் நிற்கும். இரவில் லாரி வரும். ஓடிய சேறு எங்கே போகும்? முதலில் ஓடை, அப்புறம் குளம், அப்புறம் சானல். எங்கள் குளத்து மடையில் கையை விட்டால் முழங்கை வரைக்கும் வெண்ணெய் மாதிரி சிவப்புச் சேறு. கும்பப்பூ என்கிற இரண்டாம் போக நடவுக்குத் தண்ணீர் திறந்தால் வயலில் சேறு படர்ந்து, வெயில் பட்டதும் ஓடு மாதிரி இறுகிவிடுகிறது. நாற்று வேர் இறங்காது. நான் கேட்கப் போனபோது, என் நிலத்தில் நான் கழுவுகிறேன், உனக்கென்ன என்றார்கள்.

பாறைப்பித்து

ஏலாக்கரை, உங்கள் பதிவைப் படித்துவிட்டு வெகுநேரம் யோசித்தேன். கலிபோர்னியாவில் தங்கத்துக்காகத் தண்ணீர் அடித்து மலையைக் கரைத்தார்கள், நீங்கள் சொன்னது சின்ன அளவில் அதே தொழில்தான். அவர்கள் சொன்ன வாதமும் அதேதான். என் நிலம், என் தண்ணீர், என் வேலை.

1853-இல் கலிபோர்னியாவின் நெவாடா சிட்டி பக்கம் எட்வர்ட் மாட்டிசன் என்பவர் குழாய் வைத்து மலைச்சரிவில் தண்ணீர் அடித்துப் பார்த்தார். சில வருஷத்தில் அது பெருந்தொழிலானது. மலை உச்சியில் ஏரி கட்டி, மைல் கணக்கில் கால்வாய் வெட்டி, இரும்புக் குழாயில் இறக்கி, மானிட்டர் என்ற பீரங்கி போன்ற வாயால் பீய்ச்சினார்கள். மலாகாஃப் என்ற இடத்தில் அப்படிக் கரைத்த குழி 7,000 அடி நீளம், 600 அடி வரை ஆழம். கரைத்ததை நீளமான ஸ்லூஸ் பெட்டிகளில் விட்டுப் பாதரசம் ஊற்றினார்கள். கலிபோர்னியா முழுவதும் மணலில் தங்கம் எடுத்த வேலையில் சுமார் 4,500 டன் பாதரசம் இப்படிப் போனதாகவும், அதில் பெரும்பங்கு சியரா நெவாடா மலைப்பக்கம் என்றும் கணித்திருக்கிறார்கள்.

கரைந்த மலை யூபா ஆற்றில் இறங்கியது. மேரிஸ்வில் என்ற ஊரில் ஆற்றுப்படுகை தெருவை விட உயரமாகிவிட்டது. கரையை உயர்த்தினார்கள், படுகையும் உயர்ந்தது. 1875-இல் வெள்ளம் கரையை உடைத்து ஊருக்குள் வந்தது. கீழே இருந்த கோதுமை வயலும் பழத்தோட்டமும் சேற்றில் மூழ்கின. விவசாயிகள் வழக்குப் போட்டார்கள். சுரங்கக் கம்பெனியிடம் பணமும் செல்வாக்கும் ஏராளம். இருந்தும் 1884 ஜனவரியில் நீதிபதி லொரென்சோ சாயர் தீர்ப்புச் சொன்னார்: கழிவை ஆற்றில் விடக்கூடாது. தண்ணீர் அடிப்பதைத் தடை செய்யவில்லை, கழிவை விடுவதைத்தான் தடுத்தார். அத்தோடு தொழில் படுத்துவிட்டது. கழிவை வைத்துக்கொள்ள இடமில்லாத தொழில் அது, அதன் லாபமே கீழே இருந்தவன் வயலில்தான் இருந்தது.

சேறு அத்தோடு நின்றதா என்றால் இல்லை. கில்பர்ட் என்ற நிலவியலாளர் 1917-இல் அந்தக் கழிவை அளந்து, அது அலை போல ஆண்டுக்காண்டு கீழே நகர்ந்து சான் பிரான்சிஸ்கோ விரிகுடா வரைக்கும் போவதைக் காட்டினார். இன்றும் அங்கே மீனில் பாதரசம். உறிஞ்சு டிரெட்ஜ் அந்தப் பழைய பாதரசத்தைக் கிளறிவிடும், மீன் முட்டையைக் கலைக்கும் என்றுதான் 2009-இல் கலிபோர்னியா அதை நிறுத்தி வைத்தது. உங்கள் நண்பர் வரவழைக்கச் சொல்கிறாரே, அதே மெஷின்தான் தம்பி.

அதனால் கடலோடி கேட்டதும் ஏலாக்கரை கேட்டதும் எனக்கு ஒரே கேள்வியாகப் படுகிறது. கனமானதை எடுத்துக்கொள்கிறவர் மிச்சத்தை எங்கே வைக்கப் போகிறார்? எந்த வரைபடத்தில், எந்தச் சர்வே எண்ணில்? மெஷின் எவ்வளவு நல்லது என்பதெல்லாம் அப்புறம்.

குடாக்கடல்

தேங்காப்பட்டணம் பொழிமுகத்தையும் இதில் சேர்க்க வேண்டும் டீச்சர். மூவாற்றுமுகத்தில் ஒன்று சேர்ந்து குழித்துறை வழியாக வரும் எல்லாம் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கும். துறைமுக வாயில் மணல்மேடு. வள்ளம் அலையில் கவிழ்ந்து உயிர் போன வீடுகள் உண்டு. அங்கே டிரெட்ஜர் வேண்டும், அதை நான் முழுமனதோடு சொல்வேன். அள்ளிய மணலைக் கடல் அரித்த பக்கத்துக் கரையிலேயே போட வேண்டும், லாரியில் ஏற்றி வெளியே அனுப்பக் கூடாது.

கடலோடி

இதை நான் நூறு தடவை வழிமொழிகிறேன் அண்ணே.

கோதையாற்றுக்காரன்

நண்பரிடம் பேசிவிட்டேன். சட்டத்தையும் அபிரகத்தையும் சொன்னதும் முதலில் கோபப்பட்டார், அப்புறம் புரிந்துகொண்டார். நகை பெட்டியிலேயே இருக்கிறது. ஏலாக்கரை அண்ணே, எங்கள் ஊருக்கு மேலேயும் ஒரு சரிவில் மோட்டார் ஓடுகிறது. இத்தனை நாள் அது கிணறு வெட்டும் வேலை என்று நினைத்துக்கொண்டிருந்தோம். மனு எப்படி எழுதுவது என்று சொல்லுங்கள்.

ஏலாக்கரை

திங்கள்கிழமை கலெக்டர் ஆபீசில் குறைதீர்க்கும் நாள். தனி ஆளாகப் போகாதே தம்பி, பாசன சங்கத்துக்காரர் இரண்டு பேரையாவது கூட்டிக்கொண்டு போ. மனுவில் கிராமம், சர்வே எண், தண்ணீர் எடுக்கும் இடம், சேறு வந்து சேரும் ஓடை, குளத்தின் பெயர் எல்லாம் இருக்க வேண்டும். மண் வெட்டுகிறார்கள் என்று மட்டும் எழுதினால் அனுமதிச் சீட்டை நீட்டுவார்கள். சேறு குளத்துக்கு வருகிறது என்று எழுது. மடையில் ஒரு அளவுகோலை நட்டு, பக்கத்தில் அன்றைய நாளிதழை வைத்துப் போட்டோ எடு. மழைக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. ஒரு பாட்டிலில் ஓடைத் தண்ணீரும் கொண்டு போ. கனிமவளத் துறைக்கும் நீர்வளத் துறைக்கும் நகல் கொடுத்து, வாங்கிய ரசீதைப் பத்திரமாக வை. எங்கள் மனுவின் நகலைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன், ஊர்ப் பெயரை மாற்றிக்கொண்டால் போதும்.